ஜெபராஜ் சார் அளந்த தரை

ஸ்டெல்லா போன் செய்தபோது, அனகாபுத்தூரில் என் வீட்டு வாசலில் ஒரு தையல் மெஷின் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கியிருந்த நேரம்.

"அங்கிள், அப்பா போயிட்டாங்க. மாடி வீட்டு அக்கா இப்பதான் கூப்பிட்டாங்க. ஷெட்டுல, ஸ்டூல்ல உக்காந்தபடியே... நான் பொத்தேரியிலேர்ந்து கிளம்பிட்டேன். நீங்கதான் கிட்ட இருக்கீங்க. முதல்ல போங்க, ப்ளீஸ்."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஸ்டூல் எங்கம்மா இருந்துச்சு? லேத் பக்கத்துலயா?"

"இப்ப இது ஒரு கேள்வியா அங்கிள்?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கேள்விதான். ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லாமல் ஜெபராஜ் சாரைப் பற்றி நான் எழுத முடியாது. ஆனால் அப்படித்தான் எழுதச் சொல்கிறார்கள்.

அடக்கத்தின்போது போதகர், "கடைசிக் காலத்தில் சற்றே மனக்கலக்கம் அடைந்திருந்தாலும் விசுவாசத்தில் குறையாதவர்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஸ்டெல்லாவும் தலையாட்டினாள். அவள்தான் போதகரிடம் அப்படிச் சொல்லியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, தாம்பரம், பல்லாவரம் பக்கம் வீட்டிலேயே பட்டறை வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் குழுவின் இதழிலிருந்து ஒரு தம்பி பேசினார். "ஐயா, சார் கேமரா வச்சு அளந்த வேலையைப் பத்தி விரிவா எழுதுங்க. அந்தக் கடைசி விஷயம் மட்டும் வேணாம். ஃபேமிலிக்குச் சங்கடம்."

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். தறி நெய்யும் வீட்டில் பிறந்து, யாரும் சொல்லித் தராமல் லேத் என்கிற கடைசல் மெஷின் வேலையைக் கற்றுக்கொண்டவன். பாதியை விட்டுவிட்டு எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஜெபராஜ் சார் வாழ்நாளில் ஒரு பொய் அளவு சொன்னவர் இல்லை. கடைசியில் அவர் சொன்னதும் சரியான அளவா, இல்லை புத்தி பிசகிய கிழவனின் பிதற்றலா என்பதுதான் இங்கே கேள்வி. இதை அச்சில் போட இஷ்டமில்லை என்றால் முழுவதையும் கிழித்துப் போடட்டும்.

நாங்கள் சந்தித்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். பழைய எலக்ட்ரானிக் சாமான்களைத் தார்ப்பாயில் கொட்டி விற்கும் ஒருவனிடம் கம்ப்யூட்டரில் மாட்டுகிற சின்ன வெப் கேமராக்கள் ஒரு கொத்தாகக் கிடந்தன. அந்தக் கொத்தின் ஒரு வொயரை நான் பிடித்தேன். இன்னொரு வொயரைச் சலவைச் சட்டை போட்ட, கண்ணாடி அணிந்த ஒரு பெரியவர் பிடித்தார். இருவரும் விடவில்லை.

"இன்னா பெர்சு, ரெண்டு பேரும் கயிறு இஸ்துகினு கீறீங்க? அறுந்துச்சுன்னா யாருக்கும் வேலைக்கு ஆவாது" என்றான் கடைக்காரன்.

"எனக்கு லேத்துல மாட்டுற இரும்பு நடு சென்டர்ல நிக்குதான்னு பாக்கணும்" என்றேன்.

"எனக்கும் அதுக்குத்தான்" என்றார் அவர்.

அதுவரை அந்த யோசனை இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தோன்றியது என்று நினைத்திருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சிரித்தார். கொத்தைப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். ஒரு கேமரா மிஞ்சியது. "அது உங்ககிட்டயே இருக்கட்டும். வேலை செஞ்சா வந்து சொல்லுங்க. செய்யலேன்னா கண்டிப்பா வந்து சொல்லுங்க" என்று கீழ்க்கட்டளை முகவரியைக் கொடுத்தார்.

அவர் ஒரு பெரிய தொழிற்சாலையின் அளவு பார்க்கும் அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குளிர்சாதனம் போட்ட அறை, கருங்கல் மேசை, கையுறை போட்டுத்தான் எதையும் தொட வேண்டும். அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "அந்த ரூம்ல எதுவுமே அசையாதுய்யா. அதனால முப்பது வருஷம் எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சு. இந்தத் தகர ஷெட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியுது, எல்லாமே அசையுது."

ஷெட் என்றது கார் நிறுத்துவதற்காகக் கட்டிய இடம். முன்னால் ஷட்டர், நடுவில் டிரில்லிங் மெஷின், கடைசியில் சுவர் ஓரமாக லேத். அதை ஒட்டி வீட்டுக்குள் போகும் கதவு. மனைவி இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் ஸ்டெல்லா பொத்தேரிக்குக் கல்யாணமாகிப் போய்விட்டாள். மாடியில் குடியிருந்த அக்கா சாப்பாடு கொண்டுவந்து வைப்பார்.

கேமராவை வைத்து அளப்பது பெரிய வித்தை இல்லை. எங்கள் குழுவில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெப் கேமராவின் லென்ஸைத் திருகி வெளியே இழுத்தால் அது தூரத்தைப் பார்க்காது. விரல் அகலத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். அதன் முன்னால் ஒரு ஷேவிங் பிளேடின் விளிம்பை நிறுத்த வேண்டும். பின்னால் ஒரு வெள்ளை விளக்கு. திரையில் ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் வெளிச்சம். பிளேடு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு நகர்ந்தாலும் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் உள்ள சாம்பல் நிறம் மாறும். நிறைய படங்களை எடுத்துச் சராசரி போட்டால் கம்ப்யூட்டர் அதைக் கோடாக வரைந்துவிடும். பிளேடு நகரும் திசையில் கோடு ஏறும், இறங்கும்; திரையில் ஓடி மறைந்ததும் பதிவு எதுவும் மிஞ்சாது.

கஷ்டம் எங்கே என்றால், அது எதை அளக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான். ஆரம்பத்தில் நாங்கள் தினமும் காலையில் கேமராவைப் போட்டு, வீட்டுச் சுவர் மெல்ல மேலே எழுவதைப் பார்த்தோம். சார் மகிழ்ந்துபோய் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார், "என் வீடு காலையில் எழுந்திருக்கிறது" என்று. பிறகுதான் தெரிந்தது: எழுந்தது வீடு இல்லை. கேமரா சூடேறும்போது அதன் பிளாஸ்டிக் உடம்பு விரிகிறது. அன்றே சார் குழுவில் மறுபடி எழுதினார்: "நான் தவறாகச் சொன்னேன். என் வீடு தூங்கித்தான் கிடக்கிறது." அதிலிருந்து கேமராக்களை அணைப்பதே இல்லை.

இந்தத் தவறுக்குப் பிறகுதான் அவர் அந்த விதியை வைத்தார். எந்த அளவையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியக் கூடாது. ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கவிழ்த்து வைத்து, பிறகு ஒன்றாகத் திருப்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அளவு. "ஒத்த ஆள் பாக்கிறது அளவு இல்ல ஏகாம்பரம். அது ஆசை" என்பார். ஒருமுறை நான் வாய் தவறி, "சார், நல்லா இறங்கிருக்குல்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் தன் காகிதத்தை அப்படியே கசக்கிப் போட்டுவிட்டார். "போச்சு. நாளைக்குப் பாப்போம்."

லேத்தை மட்டமாக வைக்கத்தான் தரையை அளக்க ஆரம்பித்தோம். அந்த வீடு ஏரியை ஒட்டி மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் கட்டியது. தரையில் மூன்று இடங்களில் இரும்புத் தகடு ஒட்டி, அதன்மேல் கம்பி நிறுத்தி, கம்பியின் தலையில் பிளேடு. ஒன்று ஷட்டர் பக்கம், ஒன்று டிரில்லிங் மெஷின் பக்கம், ஒன்று லேத்தின் பக்கம். சுவரில் மூன்று கேமராக்கள். உள் அறையில் திரை. அதில் மூன்று கோடுகள்.

யாராவது ஷெட்டில் கால் வைத்தால் தரை அமுங்கியது. கண்ணுக்குத் தெரியாத அமுக்கம்தான். ஆனால் ஷட்டர் பக்கத்துக் கோடு இறங்கும், அடுத்து நடுக்கோடு, அடுத்து லேத் பக்கத்துக் கோடு. உள் அறையில் உட்கார்ந்தபடியே ஆள் நடந்து வருவதைப் பார்க்கலாம். சார் எடைக்கற்களை வைத்துப் பார்த்து, எவ்வளவு எடைக்கு எவ்வளவு இறக்கம் என்று கணக்கிட்டு வைத்தார். கொஞ்ச நாளில் கோட்டைப் பார்த்தே ஆளைச் சொன்னார். நான் ஷட்டரைத் தூக்கி உள்ளே நுழைந்ததும் அறைக்குள்ளிருந்து குரல் வரும்: "வா ஏகாம்பரம். நேத்து கல்யாண சாப்பாடா?" ஒரு நாள் என் மனைவியை அழைத்துப் போயிருந்தேன். அவள் ஷெட்டைத் தாண்டி அறைக்குள் வந்ததும் சார் திரையைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். "நீங்க எதுவும் சொல்லக் கூடாது" என்று அவள் முந்திக்கொண்டாள். அவர் சொல்லவில்லை. ஆனால் எழுதிக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு அவள் அந்த ஷெட்டில் கால் வைத்ததே கிடையாது.

வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் தனியாக அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் எனக்கு முதுகு சிலிர்க்கும். ஆள் கண்ணில் படுவதில்லை. காலடி கேட்பதில்லை. எடை மட்டும் வந்து நிற்கிறது.

முதல் தடவை அது வந்தபோது நாங்கள் இருவரும் அறையில்தான் இருந்தோம். மாடி வீட்டு அக்கா கொண்டுவந்த மீன் குழம்பைச் சாப்பிட்டு முடித்திருந்தோம். ஷட்டர் பக்கத்துக் கோடு மெதுவாக இறங்கியது. நடந்து வருகிறவர் கால் வைத்தால் கோடு சட்டென்று விழும். இது அப்படி விழவில்லை. யாரோ தரை நோகாமல் மெல்லத் தன் பாரத்தை இறக்கி வைப்பதுபோல் இறங்கி, அப்படியே நின்றது.

"யாரோ ஷட்டர்கிட்ட நிக்கிறாங்க, போய்ப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஷட்டர் மூடியிருந்தது. உள்ளே பூட்டு தொங்கியது. யாரும் இல்லை. நான் நடந்ததால் மற்ற கோடுகள் குதித்ததாகச் சொன்னார். நான் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் ஷட்டர் பக்கத்துக் கோடு இறங்கியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்ததுபோலவே மெல்ல ஏறிவிட்டது.

சார் பேசாமல் ஒரு துண்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். எழுதினோம். திருப்பினோம். ஒரே அளவு. ஒரு பெரிய ஆளின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

அடுத்த நாள் மதியமும் வந்தது. அதற்கடுத்த நாள் வரவில்லை. பிறகு மறுபடி வந்தது. எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

நாங்கள் இருவரும் பேய் பிசாசு பேசுகிறவர்கள் இல்லை. அவர் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர். எனக்கு எந்தக் கோயிலும் கிடையாது. காரணம் தேடினோம். மதிய வெயில் ஷட்டரில் விழுந்து சூடாக்குகிறதா என்று நனைத்த கோணிகளைத் தொங்கவிட்டோம். வந்தது. போர்வெல் மோட்டாரை நிறுத்தினோம். வந்தது. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தோம். வந்தது. பூனையோ என்று பார்த்தோம். தெருப் பூனை ஒன்றைப் பால் வைத்து இழுத்துத் தரையில் விட்டதில், அது ஒரு இடத்தில் நிற்கவே இல்லை, அதன் எடையும் இந்த அளவுக்குக் கிட்டவே வரவில்லை. கேமராதான் கோளாறு என்று ஷட்டர் பக்கத்துக் கேமராவைக் கழற்றி லேத் பக்கம் மாட்டினோம். லேத் பக்கத்துக் கேமராவை இங்கே மாட்டினோம். இறக்கம் கேமராவோடு போகவில்லை. இடத்தோடு நின்றது.

அப்போதுதான் நான் கேட்டேன், "யாரு சார் இது?"

"அளவுக்குப் பேரு கிடையாதுய்யா" என்றார்.

ஆனால் அவரும் அறியாமல் ஒரு மரியாதை வந்துவிட்டது. 'அது வந்தது' என்று சொல்வதை நிறுத்திவிட்டார். "வந்துட்டாங்க" என்பார். "இன்னிக்கு வரலை, வேலை இருக்கும்போல" என்பார். ஸ்டெல்லா ஒருநாள் கண் கலங்கி, "அப்பா, அது அம்மாவா?" என்று கேட்டாள். சார் மகளின் தலையைத் தடவினார். "உங்கம்மா எடை எனக்குத் தெரியாதும்மா. தெரியாததோட எதையும் ஒப்பிட முடியாது" என்றார். ஸ்டெல்லா என்னைப் பார்த்து முறைத்தாள். இந்தப் பைத்தியத்தை வளர்த்துவிட்டது நான்தான் என்று அவளுக்கு எண்ணம்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஷட்டர் பக்கத்துக் கோடு இறங்குவது நின்றுபோனது. இனி இல்லை என்று நினைத்தேன். ஒரு மதியம் நடுக்கோடு இறங்கியது. டிரில்லிங் மெஷினுக்குப் பக்கத்தில். அதே எடை. அதே மெதுவான இறக்கம். ஷட்டரிலிருந்து நடுவுக்கு நடந்து வந்த தடயம் எதுவும் கோடுகளில் இல்லை. முன்பு அங்கே நின்றவர் இப்போது இங்கே நின்றார்.

சார் குழுவில் எழுதினார். எல்லாவற்றையும் எழுதினார்: வெயில், மோட்டார், தொட்டி, பூனை, கேமராவை மாற்றியது. "காரணம் தெரியவில்லை. வேறு யாராவது வந்து அளந்து பார்க்க வேண்டும்" என்று முடித்திருந்தார். யாரும் வரவில்லை. பேய் படங்களும் சிரிக்கும் பொம்மைகளும் அனுப்பினார்கள். ஒருவர், "சாருக்கு ரெஸ்ட் தேவை" என்றார். அந்த ஒருவர் யார் என்று எனக்குத் தெரியும். அவரும் இதைப் படிப்பார். நான் அன்றே அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வந்தேன். சார் வெளியேறவில்லை. "கேலி பண்ணாலும் படிச்சிருக்காங்கல்ல" என்றார்.

நடுவில் ஒரு வாரம் ஸ்டெல்லா அவரைப் பொத்தேரிக்கு அழைத்துப் போய்விட்டாள். ஓய்வு எடுக்கட்டும் என்று. சார் அந்தத் திரையைத் தன் போனில் பார்க்கும்படி ஏற்பாடு செய்துகொண்டுதான் போனார். நான் கீழ்க்கட்டளையில் உள் அறையில் உட்கார்ந்தேன். அவர் பொத்தேரியில் மகள் வீட்டுச் சோபாவில். மதியம் ஆனதும் நடுக்கோடு இறங்கியது. வேறு ஆளில்லாத வீட்டில், நான் காகிதத்தில் எழுதினேன். பிறகு அவருக்குப் போன் போட்டேன். இருவரும் ஒரே சமயத்தில் எண்ணைச் சொன்னோம். ஒன்றேதான். ஆக, அவருடைய உடம்போ நடமாட்டமோ இதற்குக் காரணம் இல்லை என்பது உறுதியானது. அவர் வீட்டில் இல்லாதபோதும் வந்து நின்றார்கள்.

ஆனால் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, போனில் ஒரு கோட்டைப் பார்த்து, "வந்துட்டாங்க" என்று மெல்லச் சொன்னதை ஸ்டெல்லா பார்த்தாள். அவரை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவள் முடிவு செய்தது அன்றுதான்.

அவர் திரும்பி வந்து கொஞ்ச நாளில் லேத் பக்கத்துக் கோடு இறங்கியது. லேத்துக்குப் பக்கத்தில்தான் சாரின் ஸ்டூல். முப்பது வருடம் நின்றே வேலை பார்த்த மனிதர். இப்போது உட்கார்ந்துதான் கடைவார்.

அன்று எங்களுக்குள் சண்டை வந்தது. "சார், ஸ்டூலை ஷட்டர் பக்கம் போடுங்க. லேத்தை ரெண்டு பேருமா நகத்திடலாம்" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்கா? இன்னா சார் பேசுறீங்க. அங்கேர்ந்து இங்க, இங்கேர்ந்து அங்கன்னு வந்துகினே கீது. இன்னும் பக்கத்துல வர எடம் ஏது?"

"அளக்கிறப்ப அளக்கிற பொருளை நகத்தக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே."

"நீங்க அளக்கிற பொருள் இல்ல சார்!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது இன்னும் தெரியலையே ஏகாம்பரம்" என்றார். பயமோ துக்கமோ அந்தக் குரலில் இல்லை. ஒரு வேலையை முடிக்காமல் விட மனமில்லாதவரின் குரல். நான் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் போகவில்லை. அந்த வாரத்தில்தான் ஸ்டெல்லாவிடமிருந்து அந்தப் போன் வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாடி வீட்டு அக்கா ஷட்டருக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார். உள்ளே வர அவருக்குப் பயம். சார் லேத் பக்கத்து ஸ்டூலில், சுவரில் முதுகு சாய்ந்து, கைகள் மடியில் இருக்க, உட்கார்ந்திருந்தார். லேத் ஓடவில்லை. அவருக்கு எதிரே யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்போல் தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. இதயம் நின்றதாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். நான் அவர் கண்களை மூடினேன். பிறகு உள் அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஸ்டெல்லா ஷெட்டைக் காலி செய்ய வந்தாள். நான் ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"எழுந்திருங்க அங்கிள்."

"மாட்டேன். உங்கப்பா புத்தி கலங்கிப் போனாருன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. நீ அளந்து பாத்தியா?"

"எனக்கு அளக்கத் தெரியாது."

"எழுதத் தெரியும்ல? அது போதும். திரையைப் பாரு, எழுது. நானும் எழுதறேன். நீ சொல்ற மாதிரி அது வீணான பேச்சுன்னா நானே எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துடறேன்."

"வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா அவரு சொன்னது நிஜம்."

"மண்ணு அமுங்குறதா இருக்கலாம். ஏரி இடம். அதுக்கு அப்பா ஏதோ கதை கட்டிட்டாங்க. அப்படித்தான் இருக்கும்."

"அப்படியே இருக்கட்டும். எழுது."

அவள் பிடிவாதமும் அப்பாவுடையதுதான். ஒத்துக்கொண்டாள். முதலில் அவளை மூன்று இடங்களிலும் நிற்க வைத்தேன். கோடுகள் சரியாக இறங்கின. எடைக்கற்களை வைத்துப் பார்த்தோம். பழைய கணக்கு மாறவில்லை. கருவியில் எந்தக் கோளாறும் இல்லை என்று தெரிந்த பிறகு, அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். மாடி வீட்டு அக்கா எங்களுக்கும் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்.

தெரு அடங்கியது. மூன்று கோடுகளும் மேசை விளிம்புபோல் நேராகக் கிடந்தன. அவை இறங்க வேண்டும் என்று நான் எவ்வளவு வேண்டினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது; எதையும் வேண்டிப் பழக்கமில்லாதவன். இறங்கவில்லை. எழுதித் திருப்பினோம். அவள் காகிதத்தில் பூஜ்யம். என் காகிதத்திலும் பூஜ்யம்.

"பாத்தீங்களா?" என்றாள்.

"சில நாள் வராது. நாளைக்கும் பாக்கணும்."

மறுநாளும் பார்த்தோம். அதற்கு மறுநாளும். அவள் தினமும் பொத்தேரியிலிருந்து வந்தாள். நினைவு ஜெபக் கூட்டம் வரை, ஒரு மதியம் விடாமல் உட்கார்ந்தோம். ஒவ்வொரு நாளும் இரண்டு காகிதத்திலும் பூஜ்யம். என் வாயை நானே கட்டிக்கொண்டேன். தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கூட்டத்துக்கு முந்தின மதியம் காகிதத்தைத் திருப்பிய பிறகு ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அங்கிள், அப்பா பொத்தேரியில இருந்தப்பவும் இது வந்துச்சுதானே?"

"வந்துச்சு. ரெண்டு பேரும் பாத்தோம்."

"அப்ப அப்பா உடம்பு காரணம் இல்ல."

"இல்ல."

"மண்ணு அப்படியே இருக்கு. ஏரி அப்படியே இருக்கு. வெயில் அப்படியே அடிக்குது. மோட்டார் ஓடுது. கருவி வேலை செய்யுது." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் குறைந்துகொண்டே போனது. "இதுல எது காரணமா இருந்தாலும் அது இன்னும் வந்துகிட்டுத்தான் இருக்கணும். அப்பா ஒருத்தர்தான் இல்ல. அவங்க போனதும் இதுவும் நின்னுடுச்சு."

நான் அப்படி யோசிக்கவில்லை. இத்தனை நாளும் பூஜ்யத்தைத் தோல்வியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வர வேண்டிய வேலை முடிஞ்சிடுச்சு, அதான் வரல" என்றாள்.

கொஞ்சம் கழித்து என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு நீங்கதான் முதல்ல வந்தீங்க. அப்பா ஸ்டூல்ல இருந்தப்ப இந்த ஸ்கிரீனைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"லேத் பக்கத்துல அப்பா எடை மட்டும்தான் இருந்துச்சா?"

அந்தக் கேள்வியைப் பிறகு பலர் கேட்டுவிட்டார்கள். பதில் எனக்குத் தெரியும். சாகும்வரை தெரிந்திருக்கும். ஆனால் அன்று அந்த அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். அவளிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்: ஒற்றை ஆள் பார்த்தது அளவு இல்லை. அவர் வைத்த விதியை அவர் விஷயத்திலேயே நான் மீற மாட்டேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஜெபக் கூட்டத்தில், பாடல்கள் முடிந்து, குடும்பத்தின் சார்பில் பேச அவளை அழைத்தார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். அவள் எழுந்து நின்று சொன்னது இவ்வளவுதான்:

"எங்கப்பாவுக்குக் கடைசியில மனசு சரியில்லைன்னு போதகர் ஐயாகிட்ட நான்தான் சொன்னேன். அது அளந்து பாக்காம சொன்னது. இப்ப அளந்து பாத்துட்டேன். எங்கப்பா கடைசி நாள் வரைக்கும் தெளிவாத்தான் இருந்தாங்க. நான் தப்பாச் சொன்னதைத் திருத்திக்கிறேன்."

உறவினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போதகர் ஒன்றும் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டார். அதற்காக அந்த மனிதர்மீது எனக்கு மரியாதை உண்டு.

அதன் பிறகுதான் கேமராக்களைக் கழற்றினோம். ஸ்டெல்லா அவற்றைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"உங்க வீட்டுல மாட்டுவீங்களா அங்கிள்?"

"மாட்டுவேன்."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்காக மாட்டாம இருக்க முடியுமா?"

"ரெண்டாவது ஆள் வேணுமே?"

நான் கேமராக்களைப் பைக்குள் வைத்தேன். "போன்லயே பாக்கிற மாதிரி பண்ணிக் குடுங்க, நான் எழுதறேன்" என்றாள்.

லேத்தை யாரோ வந்து எடுத்துப் போனார்கள். ஸ்டெல்லா தரையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினாள். தகடுகள் ஒட்டியிருந்த மூன்று இடங்களிலும் வட்டமாகத் துருக்கறை பிடித்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. வேலை முடிந்து நாங்கள் இருவரும் உள் கதவிலிருந்து ஷட்டரை நோக்கி நடந்தோம். ஷெட் முழுவதும் காலியாக இருந்தது. எப்படி வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அவள் முன்னால் போனாள், லேத் இருந்த இடத்தை நெருங்கியதும் வழி விடுகிறவள்போல் எதிர்ச் சுவரோரமாக ஒதுங்கி நடந்தாள். நானும் அப்படியே ஒதுங்கித்தான் போனேன்.

போய் வாருங்கள், ஜெபராஜ் சார். நீங்கள் சொன்ன அளவு சரிதான். இரண்டு பேர் பார்த்துவிட்டோம்.

— ஏகாம்பரம், அனகாபுத்தூர்